பிலிப் மாமா நன்றாகத் தூங்குகிறார்

தூக்கத்தில் சாந்தோம் பிலிப் மாமாவை அடித்துக்கொள்ள இந்தப் பூமியில் ஆள் கிடையாது. கும்பகர்ணன் ஆறு மாதம் தூங்கி ஆறு மாதம் முழித்துக்கொண்டிருந்த பார்ட் டைம் பேர்வழி. மாமா முழுநேரம். அவர் கண்ணை மூடினால் கலங்கரை விளக்கம் கொட்டாவி விடும். கடற்கரைச் சாலையில் பஸ்கள் ஹாரனை அமுக்காமல் ஊர்ந்து போகும். வங்கக் கடலில் கிளம்புகிற புயல்களில் பாதி, அவர் குறட்டையைக் கேட்டுப் பயந்துதான் ஆந்திரா பக்கம் திரும்பிவிடுகின்றன. வானிலைக்காரர்களுக்கு இது தெரியும்; வெளியே சொல்ல வெட்கம். சர்க்கார் தூக்கத்துக்கென்று ஒரு இலாகா திறந்தால் மந்திரி அவர்தான். பதவியேற்புக்கு எழுப்புவதுதான் கஷ்டம்.

இது தெரு சொல்கிற கதை. இதில் பாதியைக் கிளப்பிவிட்டதே இதை எழுதுகிறவன்தான் என்று ஒரு பேச்சு உண்டு. அதற்குச் சாட்சி இல்லை.

பிலிப்புக்கு ஐம்பது ஆக இன்னும் ஒன்றிரண்டு வருஷம் பாக்கி. பேராலயத்துக்குப் பின்னால் கடல் பக்கமாக இறங்குகிற சந்தில், மாடியில் ஒரு சின்ன போர்ஷன். அதில் அவரும் அவருடைய அக்கா லூயிசாவும் மட்டும். லூயிசா பக்கத்துப் பள்ளியில் நாலாம் வகுப்புக்குக் கணக்கு டீச்சர். அந்தச் சந்தில் இன்று பைக் ஓட்டிக்கொண்டு ஸ்டைலாகப் போகிற எவனுடைய முட்டியிலும் ஒரு காலத்தில் அவருடைய ஸ்கேல் விழுந்திருக்கும். கீழ்வீட்டில் லிண்டா. லிண்டாவுக்கு ஒரு மகன் உண்டு. அவனைப் பற்றி இங்கே பேச ஒன்றும் இல்லை.

பிலிப் ஒரு காலத்தில் தி. நகரில் அய்யாதுரை அண்ணாச்சியின் ஜவுளிக்கடையில் மடிப்பு வேலை பார்த்தவர். ஜவுளிக்கடையில் சேலையைப் பிரித்துப் போட ஆள் பஞ்சமே இல்லை. ஒரு கல்யாண வீடு உள்ளே வந்தால் அரை மணியில் கவுண்டர் மேல் பட்டு மலை எழும்பிவிடும். கடைசியில் ஒன்றை எடுத்துக்கொண்டு, இல்லை ஒன்றையும் எடுக்காமல், எழுந்து போய்விடுவார்கள். அந்த மலையை மறுபடி அலமாரிக்குள் அனுப்புகிறவன்தான் மடிப்புக்காரன். பழைய மடிப்பின் மேலேயே புது மடிப்பு விழ வேண்டும், கரையோடு கரை சேர வேண்டும், முந்தானை முகம் காட்ட வேண்டும். சேலை ஒருதடவையாவது பிரிக்கப்பட்டது என்பதே அடுத்து வருகிறவருக்குத் தெரியக் கூடாது. பிலிப் மடித்தால் தெரியாது. அண்ணாச்சி அப்போதெல்லாம் வேறு கடைக்காரர்களிடம் அவரைப் பற்றிப் பெருமையடிப்பதோடு, எந்தக் கடைக்காரனும் அவரிடம் பேச்சுக் கொடுக்காமலும் பார்த்துக்கொள்வார்.

ஒரு தீபாவளி நெருக்கத்தில் பிலிப்புக்குத் தூக்கம் நின்றுபோனது. பிறகு அலமாரியில் இருந்த சேலைகள் தன்னைப் பற்றி ரகசியம் பேசுவதாக அவருக்குக் கேட்க ஆரம்பித்தது. வீட்டில் இருப்பு கொள்ளாமல் கடலோரமாகவே நடந்து திருவான்மியூர் வரைக்கும் போய்விட்டார். அங்கே ஆட்டோ ஓட்டுகிற அவர்களுடைய சித்தி மகன் ஆண்ட்ரூதான் பார்த்து, வண்டியில் ஏற்றி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். மனச்சிதைவு என்றார்கள். அதற்குப் பிறகும் சில தடவை அதே ஆட்டோ, அதே ஆஸ்பத்திரி. ஒவ்வொரு தடவையும் முதலில் போனது தூக்கம்தான்.

குரல்கள் அடங்கி வருஷக்கணக்காகிறது. மாத்திரை அடங்கவில்லை. பயமும் அடங்கவில்லை. பயம் லூயிசாவுடையது.

அதனால் அந்த வீட்டில் தூக்கத்துக்கு ஒரு தனி மரியாதை வந்துவிட்டது. சொந்தக்காரர்கள் போன் செய்தால் பிலிப் சாப்பிட்டானா, என்ன யோசிக்கிறான், யாரிடமாவது பேசினானா என்று கேட்க மாட்டார்கள். ஒரே கேள்வி. தூங்குகிறானா? லூயிசாவின் பதிலும் ஒன்றேதான். நல்லா தூங்குறான். அதைச் சொல்லும்போது, சம்பளம் வந்த அன்று மாதிரி அவர் முகத்தில் ஒரு தெளிவு இருக்கும்.

பிலிப் நன்றாகத் தூங்கவில்லை. யாருக்கும் தெரியாத சங்கதி இதுதான்.

அவருடையது இரும்புக் கட்டில். ஒரு கால் குட்டை. புரண்டு படுத்தால் கீச்சென்று கத்தும். கத்தினால், வாசற்படிக்குக் குறுக்கே பாய் போட்டுப் படுத்திருக்கிற லூயிசா தலையைத் தூக்குவார். "பிலிப்பு, என்னடா, தூக்கம் வரலையா?" கேள்வி பாசமானதுதான். ஆனால் அந்தக் குரலுக்குள் ஆண்ட்ரூவின் ஆட்டோ ஸ்டார்ட் ஆகி நிற்கும். அதைக் கேட்கக் கூடாது என்றால் ஒரே வழி, கட்டில் கத்தக் கூடாது.

பிலிப் பழகிக்கொண்டார். மல்லாந்து படுத்து, இரண்டு கையையும் வயிற்றின் மேல் வைத்து, மூச்சை நீளமாக இழுத்து நீளமாக விடுவது. கன்னத்தில் கொசு உட்கார்ந்து சாவகாசமாகக் குடித்துவிட்டுப் போனாலும் கை எழாது. பட்டுச் சேலையை மடிக்கிற மாதிரி தன்னையே மடித்து வைத்துக்கொண்டார். பிரிக்கப்பட்டது யாருக்கும் தெரியக் கூடாது. இடையிடையே, அக்காவுக்குச் சந்தேகம் வந்துவிடக் கூடாதே என்று, ஒரு குறட்டையும் போடுவார். புயலைத் திருப்பியனுப்பிய குறட்டை அதுதான்.

விடிகிற நேரத்துக்குத்தான் மாத்திரையும் அசதியும் சேர்ந்து அவரை அமுக்கும். அப்புறம் பதினொரு மணி வரை எழ முடியாது. அதிலும் எட்டு மணிக்கு மேல் அவர் முழுசாகத் தூங்குவதில்லை. காது திறந்துவிடும், கண்ணும் கை காலும் திறக்காது. மீன்காரியின் குரல், கோயில் மணி, கீழே லிண்டா மகனைத் திட்டுவது, எல்லாம் கேட்கும். எழுந்திரு என்று காலுக்குச் சொன்னால், கால் அது யாருக்கோ சொன்னது என்று இருக்கும். லூயிசா ஏழரைக்கே கிரில் கதவை வெளியே பூட்டி, சாவியை லிண்டாவிடம் கொடுத்துவிட்டுப் பள்ளிக்குப் போயிருப்பார். ஆக, வெளியே ஒரு பூட்டு, உள்ளே ஒரு பூட்டு. வெளிப் பூட்டுக்காவது கீழ்வீட்டில் சாவி இருந்தது.

அந்தக் காலை நேரங்களில் மாமாவுக்கு என்னென்னவோ நடந்திருக்கிறது. ஒருநாள் எழுந்து கண்ணாடி பார்த்தால் மூக்குக்குக் கீழே கண்மையில் முறுக்கு மீசை. இன்னொரு நாள் நெற்றியில் 'ஆடித் தள்ளுபடி' என்று ஒரு கடைச் சீட்டு. ஒருதடவை லுங்கி முனை கட்டில் காலோடு முடிச்சுப் போடப்பட்டிருந்தது. இதையெல்லாம் செய்தது யார் என்று தெருவே விசாரித்தது. இதை எழுதுகிறவன் அந்த நேரங்களில் டியூஷனில் இருந்தான். டியூஷன் மாஸ்டரையே கேட்டுக்கொள்ளலாம்; அவர் இப்போது திருச்சிக்கு மாறிப் போய்விட்டார்.

வேறு சிலதும் நடந்தது. முகத்தில் வெயில் அடிக்கிற ஜன்னலில் யாரோ ஒரு பழைய போர்வையை மாட்டியிருப்பார்கள். தண்ணீர்ச் சொம்பு, கை நீட்டினால் எட்டுகிற இடத்துக்கு நகர்ந்திருக்கும். மின்சாரம் போய் வந்தால் நின்ற ஃபேனை யாரோ தட்டிவிட்டிருப்பார்கள். லூயிசா டீச்சராகத்தான் இருக்கும்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் அய்யாதுரை அண்ணாச்சி மறுபடி வந்தார். கபாலி கோயிலுக்கு வந்தவர், மாட வீதியில் கீரை வாங்கிக்கொண்டிருந்த பிலிப்பைப் பார்த்து ஸ்கூட்டரை நிறுத்தினார். கடை இப்போது இரண்டு மாடி ஆகிவிட்டது. மடிக்கத்தான் ஆள் இல்லை. இந்தக் காலத்துப் பையன்கள் சேலையை மடிக்கச் சொன்னால் பெட்ஷீட்டைச் சுருட்டுகிற மாதிரி சுருட்டுகிறார்களாம். வியாதி வெக்கையெல்லாம் தனக்கும் தெரியும், கூட்டம் சேர்கிற சாயங்காலத்துக்கு முன்னால் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறேன், காலை ஒன்பதுக்கு மட்டும் வந்துவிடு என்றார்.

பிலிப் அன்று கீரையை விட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டார். அவ்வளவு சந்தோஷம்.

போக முடியவில்லை. முதல் தடவை கண் விழித்தபோது வெயில் காலடிக்குப் போயிருந்தது. இரண்டாம் தடவை காது முழித்துக்கொண்டு, ஒன்பது மணி கோயில் மணியில் அடிப்பதைக் கேட்டுக்கொண்டே கிடந்தார். அண்ணாச்சி போனில் கோபப்படவில்லை. அதுதான் பிலிப்புக்குச் சங்கடமாக இருந்தது. "ஏலே பிலிப்பு, தீவாளி கூட்டம் தொடங்க முந்தி இன்னொருக்கா பாப்போம். அதுக்கு மேல எனக்கும் ஆள் வேணும்லா" என்றார். அவ்வளவுதான். ஒரு கதவு அவருக்காகத் திறந்திருக்கிறது. அதுவும் தீபாவளி வரைக்கும்தான்.

டாக்டரிடம் சொல்லலாமே என்று கேட்பீர்கள். டாக்டர் கேள்வி கேட்டால் முதலில் பதில் சொல்வது லூயிசா. டீச்சர் முன்னால் மற்றவர்கள் பேசிப் பழக்கமில்லை. அப்படியே இடம் கிடைத்தாலும், 'நான் தூங்குவதில்லை' என்று அவர் வாயால் சொன்னால், அந்த வீட்டில் அதற்கு ஒரே அர்த்தம்தான். மறுபடியும் ஆரம்பித்துவிட்டது. தூங்குகிறேன் என்றால் வேலை போகும். தூங்கவில்லை என்றால் ஆட்டோ வரும். பிலிப் இரண்டுக்கும் நடுவில் கட்டில் கத்தாமல் கிடந்தார்.

அந்தச் சமயத்தில் அனுப்ரியா என்று ஒரு பெண் வந்தாள். அடையாறு பக்கம் பிலிப் மாத்திரை வாங்குகிற மருத்துவ மையத்தில் ஓர் ஆராய்ச்சி. கடுமையான மனநோய் உள்ளவர்களுக்குத் தூக்கத்தில் என்ன கோளாறு வருகிறது என்று பார்க்கிறார்கள். அவர்களில் ஒருவராகச் சேரப் பிலிப்புக்குச் சம்மதமா என்று கேட்க மாடியேறி வந்தாள். காபி வேண்டாம் என்றாள், காபி வந்தது. சம்மதத் தாளை நீட்டியதும் லூயிசா பேனாவை வாங்கினார். சார்தான் போடணும் மேடம் என்றாள் அந்தப் பெண். பிலிப் ரொம்ப நாளைக்கு அப்புறம் தன் பெயரைத் தானே எழுதினார். கடைசிப் புள்ளியை மட்டும் இரண்டு தடவை வைத்தார்.

பிறகு அவள் வாட்ச் மாதிரி ஒன்றை எடுத்து அவர் மணிக்கட்டில் கட்டினாள். முள் இல்லை, எண் இல்லை. கை அசைவதை அது குறித்துக்கொள்ளுமாம். அதை வைத்து எப்போது தூங்கினார், எப்போது முழித்தார் என்று கண்டுபிடித்துவிடலாமாம்.

"இதுல மணி பாக்க முடியாதா?" என்று பிலிப் கேட்டார்.

"முடியாது அங்கிள்."

"அப்ப இது நம்மளப் பாக்கும்."

"ஆமா அங்கிள், அப்படித்தான்."

பிலிப்புக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. பயப்படாமல் தன்னைப் பார்க்கிற ஒன்று கடைசியில் வீட்டுக்குள் வந்திருக்கிறது. வாய் திறந்து சொல்ல வேண்டாம், அக்காவைக் காட்டிக்கொடுக்க வேண்டாம். இதுவே போய் டாக்டரிடம் சொல்லிவிடும்: இந்த மனுஷன் தூங்கவே இல்லை, மாத்திரையைக் கொஞ்சம் பாருங்கள். கேள்விகளுக்கெல்லாம் வழக்கம்போல லூயிசா பதில் சொன்னார். படுத்தால் எவ்வளவு நேரத்தில் தூங்குவார்? படுத்த உடனே. இடையில் முழிப்பாரா? கிடையாது. பிலிப் வாட்ச்சைத் தடவிக்கொண்டிருந்தார்.

அதைக் கட்டிக்கொண்டு கடைக்குப் போனபோது லிண்டா வாசலில் நிறுத்தினாள். "இன்னாண்ணே, கையில இன்னாமோ கீது? ஜெயில்ல கட்டி அனுப்புன மாதிரி?"

"ஜாமீன்ல வுட்டுருக்காங்க லிண்டா" என்றார் பிலிப். நிஜமாகவே அப்படித்தான் நினைத்தார்.

வாட்ச் கட்டிய நாட்களில் அவர் செய்த தப்பு ஒன்றே ஒன்றுதான். வழக்கம்போலப் படுத்தார். கட்டிலும் அதேதான், வாசற்படியில் அக்காவும் அதேதான். வேறு எப்படிப் படுப்பது? மல்லாந்து, வயிற்றில் கை வைத்து, கொசுவுக்குக் கன்னத்தைக் காட்டி. வாட்ச் அவர் வயிற்றின் மேலேயே, அவரைப் போலவே அசையாமல், விடியும்வரை காத்திருந்தது.

முடிவு சொல்லக் கூப்பிட்டார்கள். அக்காவும் தம்பியும் அடையாறுக்குப் பஸ்ஸில் போனார்கள். பிலிப் சலவைச் சட்டை போட்டிருந்தார். டாக்டர் தஹ்சீன் என்கிற அம்மா மேஜைக்குப் பின்னால். பக்கத்தில் அனுப்ரியா லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினாள். திரையில் நீலப் பட்டைகள், ஒவ்வொரு நாளுக்கும் ஒன்று. எல்லாம் நீளமாக, நடுவில் ஒரு கிழிசல் இல்லாமல், கரை மாதிரி ஓடின. இவ்வளவு உடையாத தூக்கம் இந்த ஆராய்ச்சியில் வேறு யாருக்குமே இல்லை என்று அவள் சந்தோஷமாகச் சொன்னாள். லூயிசா சிலுவை போட்டுக்கொண்டார். கண் கலங்கிவிட்டது. மாதாவுக்கு மெழுகுவர்த்தி நேர்ந்திருந்தாராம்.

பிலிப் திரையைப் பார்த்தார். எலிப்பொறிக்கு மசால்வடை வைத்ததும் அவர்தான், உள்ளே போனதும் அவர்தான் என்று அப்போதுதான் புரிந்தது. இத்தனை வருஷம் அக்காவை ஏமாற்றியது போதாதென்று, பயமே இல்லாத அந்தச் சாமானையும் ஏமாற்றிவிட்டார். இனி இவர் தூங்கவில்லை என்று சொன்னால், இவருக்கு எதிராகச் சாட்சி சொல்ல இயந்திரமே இருக்கிறது.

டாக்டர் தஹ்சீன் மருந்துச் சீட்டை இழுத்துக்கொண்டார். தூக்கம் இவ்வளவு நன்றாக இருக்கும்போது மாத்திரையை ஏன் தொட வேண்டும், அப்படியே போகட்டும் என்றார். லூயிசா தலையாட்டினார். பேனா தாளில் இறங்கிவிட்டது. பிலிப்புக்குத் தி. நகர் கடையின் கண்ணாடிக் கதவு மெல்ல மூடுவது தெரிந்தது.

"அசையாம இருந்தா தூக்கம்னு இந்த வாட்ச் நெனச்சுக்குமா, டாக்டர்?"

யார் கேட்டது என்று லூயிசாவே திரும்பிப் பார்த்தார். அனுப்ரியா கொஞ்சம் இழுத்தாள். பெரும்பாலும் அப்படித்தான் என்றாள்.

"அப்படின்னா எங்க கோயில்ல இருக்குற மாதா செலை, சொரூபம் எல்லாம் ரொம்ப நல்லா தூங்குது" என்றார் பிலிப்.

அந்தப் பெண் முதலில் சிரித்தாள். டாக்டர் சிரிக்கவில்லை. பேனாவைக் கீழே வைத்தார். "நீங்க முழிச்சிட்டுதான் படுத்திருக்கீங்களா, பிலிப்?"

பிலிப் அக்காவைப் பார்த்தார். லூயிசாவின் கை அதற்குள் கைப்பைக்குள் போனைத் தேடிக்கொண்டிருந்தது. இப்போது 'இல்லை' என்று சொல்லிச் சிரித்துவிட்டால் எல்லாம் பழையபடி ஆகிவிடும். சேலை பிரிந்ததே தெரியாது.

"முழிச்சிட்டுதான் இருக்கேன்" என்றார். "கொரல் ஒண்ணும் கேக்கல அக்கா. நெசமா. சும்மா முழிப்பு. மத்தவங்களுக்கெல்லாம் வருமே, அந்த மாதிரி."

வியாதி இல்லாதவன் தூங்காமல் கிடந்தால் ஊர் அதைக் கவலை என்கிறது, கடன் என்கிறது, காபி ஜாஸ்தி என்கிறது. பிலிப்புக்கு அந்தச் சலுகை இல்லை. அவர் கொட்டக்கொட்ட முழித்திருந்தால் அது வியாதி. மற்றவர்களுக்கு வருகிற சாதாரண முழிப்பு தனக்கும் வரலாம் என்று அவர் கேட்டது அதுவே முதல் தடவை.

டாக்டர் நிறையக் கேட்டார். இந்தத் தடவை பதில் சொல்ல லூயிசாவை விடவில்லை. மாத்திரை எப்போது கொடுக்கிறீர்கள் என்பதை மட்டும் லூயிசாவிடம் கேட்டார். நோட்டுத் திருத்தி முடித்து, பாத்திரம் கழுவி, தான் படுக்கப் போவதற்குச் சற்று முன்பு என்றார் லூயிசா. சொல்லும்போதே அவருக்கு உறைத்திருக்க வேண்டும், குரல் இறங்கியது. அந்த மாத்திரை இத்தனை நாளும் போனது பிலிப்பின் தூக்கத்துக்காக இல்லை, லூயிசாவின் தூக்கத்துக்காக. அதில் தப்பு சொல்ல நினைக்கிறவர்கள், அந்த வாசற்படியில் ஒரு வாரம் குறுக்கே படுத்துப் பார்த்துவிட்டு வந்து சொல்லட்டும்.

முடிவாக டாக்டர் சொன்னது இது. மாத்திரை இனி விளக்கு வைக்கிற நேரத்துக்கே போக வேண்டும். வாட்ச் இன்னொரு தடவை கட்டப்படும். தூக்கம் வராவிட்டால் பிலிப் நடிக்கக் கூடாது. எழுந்து உட்காரலாம், நடக்கலாம், ஜன்னலோரம் நிற்கலாம். லூயிசா ஒன்றும் கேட்கக் கூடாது. குரல் கேட்டாலோ பயம் வந்தாலோ பிலிப்பே வாயால் சொல்ல வேண்டும். அதுவரை இது வெறும் முழிப்பு.

திரும்பி வரும் பஸ்ஸில் லூயிசா ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தார். பட்டினப்பாக்கம் தாண்டும்போது, எத்தனை வருஷமாகடா என்று மட்டும் கேட்டார். நீ பயப்படுவேன்னுதான் என்றார் பிலிப். அக்காவும் தூங்குவதில்லை என்பது அவருக்கு எப்போதோ தெரியும். அவரைப் போல நடிக்க அக்காவுக்குத் தெரியாது; பாயில் புரள்வது அவருக்குக் கேட்கும். அதைச் சொல்லவில்லை.

அந்த வாரம் கட்டில் கத்தியது. பல வருஷத்துப் பாக்கியை எல்லாம் சேர்த்து வைத்துக் கத்தியது. கீழ்வீட்டுக்கே கேட்டது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். பிலிப் எழுந்து உட்கார்ந்தார், நடந்தார், ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கடல் பக்கம் பார்த்தார். லூயிசா கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதற்காகச் சேலைத் தலைப்பை வாய்க்குள் அழுத்திக்கொண்டார். காலையில் அவர் கண் வெற்றிலை போட்ட வாய் மாதிரி சிவந்திருக்கும். வகுப்பில் ஏழும் எட்டும் பதினாலு என்று எழுதி, நாலாம் வகுப்புப் பிள்ளைகள் திருத்த வேண்டியதாயிற்று.

டீச்சரும் மனுஷிதானே. சில நாள் தாங்கினார். ஒருநாள் விடிந்ததும் தாங்க முடியாமல் ஆண்ட்ரூவுக்குப் போன் போட்டுவிட்டார்.

பிலிப் அதற்குள் எழுந்திருந்தார். மாத்திரை சாயங்காலமே போனதில், விடிகிற நேரத்துக்கு அதன் பிடி தளர்ந்திருந்தது. காலுக்குச் சொன்னதைக் கால் கேட்டது, கொஞ்சம் முணுமுணுத்துக்கொண்டே. பல் தேய்த்து, குளித்து, துண்டோடு நின்றவருக்குச் சந்து முனையில் ஒரு சத்தம் கேட்டது. இஞ்சின் சத்தம். லட்சம் ஆட்டோவுக்கு நடுவிலும் அந்த ஆட்டோவை அவருக்குத் தெரியும். வீட்டு வாசலுக்கு வந்து, இஞ்சினை அணைக்காமல் நின்றது.

சமையலறை வாசலில் லூயிசா நின்றுகொண்டிருந்தார். தம்பி முகத்தைப் பார்க்கவில்லை.

கட்டிலில் போய் மல்லாந்து படுத்து, கண்ணை மூடி, வயிற்றில் கையை வைத்துவிடலாம் என்று பிலிப்புக்கு ஒரு நிமிஷம் தோன்றியதாம். அது ஒன்றும் புதுசில்லை. அதில் அவரை ஜெயிக்க ஆள் கிடையாது. ஆண்ட்ரூ மேலே வந்து பார்ப்பான், தூங்குறானேக்கா என்பான், போய்விடுவான். எல்லாரும் நிம்மதியாக இருப்பார்கள். அப்புறம் அவர் எழுந்திருக்கவே வேண்டாம்.

சலவைச் சட்டையை எடுத்துப் போட்டார். பொத்தானை நிதானமாக, மேலிருந்து கீழே. படி இறங்கினார். லூயிசா பின்னாலேயே வந்தார். சந்தில் லிண்டா கோலப்பொடியோடு நின்றாள். இன்னும் இரண்டு மூன்று பேர், அவரவர் வாசலில் ஏதோ வேலை இருப்பது போல.

ஆண்ட்ரூ திரும்பிப் பார்க்காமல் கேட்டான். "எங்கக்கா, ஆஸ்பத்திரிக்குத்தான?"

பிலிப் ஏறி உட்கார்ந்தார்.

"தி. நகர்" என்றார். "அய்யாதுரை அண்ணாச்சி கடைக்கு. ஒம்பதுக்குள்ள போவணும் ஆண்ட்ரூ, கொஞ்சம் வெரட்டு."

ஆண்ட்ரூ கண்ணாடி வழியாக லூயிசாவைப் பார்த்தான். தெருவே லூயிசாவைப் பார்த்தது. அவர் கையில் கிரில் சாவி இருந்தது. அதை இந்தக் கைக்கும் அந்தக் கைக்குமாக மாற்றினார்.

"அவன் சொல்ற எடத்துக்குப் போ" என்றார். பிறகு என்ன தோன்றியதோ, சாவியைத் தம்பியின் சட்டைப் பையில் போட்டார்.

அன்று பிலிப் மத்தியானம் வரைக்கும் மடித்தார். அதற்குள் லூயிசா பள்ளியிலிருந்து கடைக்குப் போன் மேல் போன் போட்டு, இந்தக் கடையில் சேலை விற்கிறதா தம்பி விற்கிறதா என்று அண்ணாச்சியைக் கேட்க வைத்தார். சாப்பாட்டுக்கு அப்புறம் பிலிப் பட்டுக் கட்டின் மேலேயே சாய்ந்து தூங்கிவிட்டார். அண்ணாச்சி எழுப்பவில்லை. மடித்த அடுக்கைப் புரட்டிப் பார்த்துவிட்டு, எவனும் சத்தம் போடாதீங்கலே என்றாராம்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். பிலிப் வாரத்தில் பாதி நாள்தான் ஒன்பதுக்குப் போகிறார். மீதி நாள் காது மட்டும் முழித்துக் கிடக்கிறது, அண்ணாச்சி கத்துகிறார். லூயிசா இன்னும் வாசற்படிக்குக் குறுக்கேதான் படுக்கிறார். கட்டில் கத்தினால் கேள்வி வருவதில்லை. ஆனால் கேட்காத கேள்வி அந்த அறைக்குள் சுற்றுவது பிலிப்புக்குத் தெரிகிறது. சில நாள், பாவம் அக்கா என்று, பழையபடி அசையாமல் கிடந்துவிடுகிறாராம். வேலை நாளில் சாவி அவர் பையில். மற்ற நாளில் லிண்டா வீட்டு ஆணியில். இரண்டாம் தடவை வாட்ச் சொன்ன கணக்கில் நீலப் பட்டை கந்தல் கந்தலாக இருந்தது. அனுப்ரியா வருத்தமாகக் காட்டினாள். பிலிப் பரீட்சையில் பாஸான பையன் மாதிரி அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பங்குக் கோயில் இளைஞர் மலருக்கு, நம்ம தெரு மனிதர் ஒருவரைப் பற்றி எழுதச் சொன்னார்கள். பிளஸ் ஒன்னை இரண்டாம் தடவை படித்துக்கொண்டிருக்கிற ஒருவனிடம் அந்த வேலை எப்படி வந்தது என்பது வேறு கதை. எழுதியதை இதுவரை உள்ளபடியே ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பிலிப் மாமாவிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னான் அவன்.

மாமா கட்டிலில் உட்கார்ந்து நிதானமாகப் படித்தார். புயல் வந்த இடத்தில் சிரித்தார். ஆட்டோ வந்த இடத்தில் சிரிக்கவில்லை. முடித்துவிட்டுத் தாள்களை விளிம்போடு விளிம்பு சேர்த்து மடித்தார். பிரித்ததே தெரியவில்லை.

"நல்லாத்தான் எழுதிக்கீற. ஒரு எடத்துல மட்டும் பொய்."

கும்பகர்ணனா மாமா என்று இவன் கேட்டான்.

"அது இல்ல. யாரோ போர்வை மாட்டுனாங்க, யாரோ சொம்பு நவுத்துனாங்க, யாரோ ஃபேன தட்டுனாங்கன்னு போட்டுக்கீறியே. அந்த யாரோ."

டீச்சர்தானே மாமா அது என்றான் இவன்.

"அக்கா ஏழரைக்கே பூட்டிக்கினு போய்டும். எதிர்வீட்டுத் தண்ணித் தொட்டியத் தாண்டி வெயிலு மூஞ்சிக்கு வரவே எட்டுக்கு மேல ஆவும்டா. அப்ப சாவி உங்கம்மாகிட்டதான் இருக்கும்." மாமா கட்டிலில் சாய்ந்தார், அது கத்தியது. "கண்ணுதான் தொறக்காது, காது தொறந்துதான் கெடக்கும்னு நீயே எழுதிக்கீற. மீசை வரைஞ்சவனுக்கு எடது செருப்பு வாரு அறுந்து இழுத்துக்கினே வரும். போர்வை மாட்டுனவனுக்கும் அதே செருப்புதான், ஆஸ்வின்."

இதை எழுதுகிறவனுக்கு டியூஷன் மாஸ்டர் ஞாபகம் வந்தார். திருச்சி ரொம்ப தூரம்.

"யாரோவ அடிச்சுட்டுப் பேரப் போடு" என்றார் மாமா, கண்ணை மூடிக்கொண்டே. "மீசைய இருக்கவுடு. அது எனக்கு எடுப்பாத்தான் இருந்துச்சு."

அவன் தாளை எடுத்துக்கொண்டு படியிறங்கினான். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு.